சும்மா உட்கார ஓர் இடம் வேண்டும்

திருநெல்வேலிக்காரர்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றால் ஒன்று மதுரை, இல்லையென்றால் திருவனந்தபுரம். அத்தையைக் காட்டுவதற்காக இந்தத் தடவை திருவனந்தபுரம் போயிருந்தோம். காலையிலேயே டாக்டரைப் பார்த்தாயிற்று. ரத்தப் பரிசோதனை முடிவு மட்டும் சாயங்காலம்தான் வரும் என்றுவிட்டார்கள். அதுவரை எங்கே போவது? அங்கே வராந்தாவில் நோயாளிக்கே நாற்காலி கிடையாது. ஓர் ஆட்டோவைப் பிடித்து மியூசியம் வளாகத்துக்குப் போய்விட்டோம்.

போனவர்களுக்குத் தெரியும். மியூசியத்துக்கு டிக்கெட், ரவிவர்மா ஓவியங்கள் இருக்கிற ஸ்ரீசித்ரா கலைக்கூடத்துக்கு டிக்கெட், மிருகக்காட்சிசாலைக்கு டிக்கெட். இவற்றையெல்லாம் சுற்றியிருக்கும் தோட்டத்துக்கு மட்டும் டிக்கெட் கிடையாது. நேரே உள்ளே போய் மரத்தடியில் உட்காரலாம். அத்தை பெஞ்சின் நுனியில் பட்டும் படாமல் உட்கார்ந்துகொண்டு, "ஏல, இங்க உக்காந்தா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவளா?" என்று கேட்டாள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி உட்கார்ந்தாள். அப்புறம் புளியோதரை டப்பாவைத் திறந்தாள். மியூசியத்துக்குள் போய்ப் பார்ப்போமா என்றதற்கு, "உள்ள என்ன, சாமி சிலையா? அதான் நம்ம ஊர்லயே கெடக்கே" என்று முடித்துவிட்டாள். பக்கத்துப் பெஞ்சிலும் நம்ம பக்கத்து ஆட்கள்தான், தென்காசி. அவர்கள் மடியிலும் ஒரு ஆஸ்பத்திரி ஃபைல். அரை மணி நேரத்தில் இரண்டு குடும்பமும் சர்க்கரை அளவைப் பரிமாறிக்கொண்டுவிட்டது.

வரலாற்றையும் சொல்லிவிடுகிறேன். உத்திரம் திருநாள் மன்னர் காலத்தில், 1857இல் முதலில் அங்கே மியூசியம் வந்தது. பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஜெனரல் கல்லனுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. மிருகக்காட்சிசாலையும் சீக்கிரமே சேர்ந்துகொண்டது. முதல் கட்டடம் போதவில்லை என்று இடித்துவிட்டு, ராபர்ட் சிஷோம் வரைந்த இப்போதைய கட்டடத்தை 1880இல் முடித்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸைக் கட்டிய அதே சிஷோம். மதராஸ் கவர்னராக இருந்த நேப்பியர் பிரபுவின் பெயரைக் கட்டடத்துக்கு வைத்தார்கள். கேரளத்துச் செங்குத்தான ஓட்டுக்கூரை, மரவேலைப்பாடு, சுவரெல்லாம் வண்ணப் பட்டை என்று அது ஒரு தினுசான கட்டடம். கொஞ்சம் அலங்காரம் கூடுதல்தான் என்பது என் அபிப்பிராயம். ஆனால் காற்றோட்டத்தை யோசித்துக் கட்டியிருக்கிறார், வெயில் நேரத்தில் உள்ளே போனால் தெரியும்.

செங்கோட்டைக்காரர்களுக்கு இதெல்லாம் அடுத்த ஊர்ச் சமாச்சாரம் இல்லை. 1956 நவம்பர் வரைக்கும் திருவனந்தபுரம்தான் அவர்களுடைய தலைநகரம். சங்கு முத்திரை போட்ட திருவிதாங்கூர் வளைவு செங்கோட்டையில் இன்னும் நிற்கிறது.

இந்த மாதிரிப் பழைய தோட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ராஜாவின் தாராள மனசில் உருகி அதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மியூசியம் வந்த அதே மன்னர் காலத்தில்தான் தோள்சீலைக் கலவரம் நடந்தது. நாடார் பெண்கள் மேலாடை போட்டுக்கொள்ளலாம் என்று 1859இல்தான் அரசாணை வந்தது. அதிலும், உயர்ந்த சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது என்று ஒரு கொக்கி. அதற்கும் 34 வருஷம் கழித்து, 1893இல், பொதுத்தெருவில் வில்லுவண்டி ஓட்டிப் போவதையே தலித் தலைவர் அய்யன்காளி ஒரு போராட்டமாகச் செய்ய வேண்டியிருந்தது. கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936இல். அத்தை காலை மடக்கி உட்கார்ந்திருந்த அந்தப் பெஞ்சைப் பார்த்தபோது, எங்கள் வீட்டுப் பழைய பாட்டிமார் அந்தக் காலத்தில் எந்த வாசல் வரைக்கும் வந்திருக்க முடியும் என்றுதான் யோசித்தேன். மரத்தை ராஜா வைத்திருக்கலாம். அதன் அடியில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்பதை ஜனங்கள் சண்டை போட்டுத்தான் வாங்கியிருக்கிறார்கள்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். நம்மிடம் தோட்டமே இல்லையா என்றால், உண்டு. நெல்லையப்பர் கோயிலுக்குள் நந்தவனமும் நூறு கால் வசந்த மண்டபமும் இருக்கின்றன. 1756இல் திருவேங்கடகிருஷ்ண முதலியார் அமைத்தது, திருவனந்தபுரம் மியூசியத்தைவிட நூறு வருஷம் மூத்தது. ஆனால் அது சாமிக்குப் பூப்பறிக்கிற இடம். நடை சாத்தினால் வெளியே வந்துவிட வேண்டும். பாளையங்கோட்டையில் அருமையான மரங்கள் நிற்கின்றன, எல்லாம் பள்ளி, கல்லூரி காம்பவுண்டுக்குள். 1878இல் தொடங்கிய ஜான்ஸ் கல்லூரிக்குள்ளும் 1923இல் தொடங்கிய சேவியர் கல்லூரிக்குள்ளும் பிள்ளையைச் சேர்த்துவிட்டால் மூன்று வருஷத்துக்கு நிழல் கிடைக்கும். மற்றவர்கள் மதிலுக்கு வெளியே பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் அதன் ஓரத்தை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். தாமிரபரணி ஆற்றங்கரை இருக்கிறதே என்பீர்கள். சித்திரை மாதத்து மத்தியானம் படித்துறைக் கல்லில் ஒரு தடவை உட்கார்ந்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

இதை மேற்கே ராஜாவும் கிழக்கே கலெக்டரும் இருந்ததன் விளைவு என்றுதான் நான் பார்க்கிறேன். 1801க்குப் பிறகு திருநெல்வேலி கும்பெனிக்கு வரி வசூலிக்கிற ஒரு ஜில்லா. தலைநகரத்துக்குரிய அலங்காரம் எதையும் இங்கே செய்ய வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. ஆற்றைக் கடக்கப் பாலம் வேண்டும் என்றபோதுகூட, கலெக்டர் ஆபீஸில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டிக் கொடுத்தார். 1843இல் திறந்த அந்தப் பாலத்தின் மேல்தான் இன்றைக்கும் நாம் ஓடிக்கொண்டிருக்கிறோம். ஊருக்கு ஒரு தோப்பு வைத்துவிட்டுப் போக இன்னொரு முதலியார் வாய்க்கவில்லை.

இப்போது கட்டுகிற பூங்காக்களைச் சொல்லவே எரிச்சலாக இருக்கிறது. நம்ம பக்கம் ஒன்று, பெயர் வேண்டாம். தரை முழுக்க டைல்ஸ். நடுவில் ஒரு சிமெண்ட் மான், காது உடைந்து கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது. ஓடாத நீரூற்று. ஊர்ப் பெயரை ஆளுயர எழுத்தில் நிறுத்தி, பக்கத்தில் சிவப்பாக ஒரு இதயம், போட்டோ எடுக்க. மரம் என்று வைத்திருப்பதெல்லாம் இடுப்பளவு, அதையும் மாதம் ஒருமுறை பந்துபோலக் கத்தரித்துவிடுகிறார்கள். சாயங்காலம்தான் கேட்டைத் திறப்பார்கள், எட்டு மணிக்கு விசில் ஊதி விரட்டுவார்கள். நிழல் தேவைப்படுகிற மத்தியானத்தில் பூட்டுத் தொங்கும். சந்தைக்கு வந்த கிழவி, கோர்ட்டுக்கு வந்தவர், இன்டர்வியூ முடித்துவிட்டு நாலு மணி ரயிலுக்குக் காத்திருக்கிற பையன், இவர்களெல்லாம் எங்கே போய் உட்காருவார்கள்?

அங்கே இரண்டு பருவமழையும் கொட்டுகிறது, இங்கே மலை மறைவு, அதனால்தான் மரம் வராது என்று ஒரு பதில் தயாராக இருக்கும். பாதி உண்மை. தூங்குமூஞ்சி மரத்தை அந்த அளவுக்கு இங்கே வளர்ப்பது கஷ்டம்தான். வேம்பும் புங்கையும் வாகையும் இலுப்பையும் நமக்குப் போதாதா? வற்றாத ஆறு ஒன்று ஊருக்கு நடுவிலேயே போகிறது, கரையோரத்தில் மருதமரம் தானாக வந்த பூமி இது. திருவனந்தபுரத்து மரங்களுக்கும் மழை மட்டும் காரணமில்லை. நகரத்தின் நடுவில், விலை மதிக்க முடியாத அந்த நிலத்தில், நூற்றறுபது வருஷத்துக்கு மேலாக ஒரு வணிக வளாகம் கட்டாமல் விட்டிருக்கிறார்களே, அதுதான் பெரிய காரியம்.

ரெட்டியார்பட்டிப் பக்கம் பொருநை அருங்காட்சியகத்தைக் கட்டியிருக்கிறார்கள், 13 ஏக்கரில். ஆதிச்சநல்லூர், கொற்கை, சிவகளை அகழாய்வுகளில் கிடைத்த பொருட்களுக்காக. எனக்கு அதில் மெத்த சந்தோஷம். ஆனால் மியூசியத்தைப் பார்க்க ஒருவர் வாழ்நாளில் இரண்டு தடவை போவார், மூன்று தடவை போவார். சுற்றிலும் நல்ல நிழல் இருந்தால் வாரம் ஒரு தடவை போவார், பேரப்பிள்ளையைக் கூட்டிப் போவார், ஒரு நாள் சும்மா உள்ளேயும் எட்டிப் பார்ப்பார். உள்ளே இருக்கும் முதுமக்கள் தாழிக்கு டிக்கெட் போடுங்கள், வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. வெளியே மரத்தை வைத்து, பெஞ்சைப் போட்டு, கேட்டைக் காலையிலிருந்து ராத்திரி வரை திறந்து வையுங்கள். மரம் ஆளாக நாற்பது வருஷம் ஆகுமே என்றால் ஆகட்டும். சிவகளைத் தாழியில் 3,200 வருஷத்து நெல்லை எடுத்துக் காட்டுகிற ஊருக்கு அது ஒரு கணக்கா?

இலை கொட்டுமே, குப்பையாகுமே என்று கட்டாயம் ஓர் அதிகாரி கேட்பார். கொட்டட்டும் சார். கூட்டுவதற்கு நாலு பேரை நிரந்தரமாக வேலைக்கு எடுங்கள்.