செலோடேப்பில் ஒட்டிய படங்கள்

ஓர் அட்டைப்பெட்டி நிறையக் காலி மருந்து டப்பாக்கள். விசேஷ வெளிச்சம் எதுவும் கிடையாது. படத்தின் பெயர் ‘17 வருடத்துக்கான மருந்து’, வருடம் 2014. எச்ஐவிக்குச் சாப்பிடுகிற மாத்திரைகள். சாப்பிட்டவரும் படம் எடுத்தவரும் ஒரே ஆள்: ஜெர்மன் புகைப்படக் கலைஞர் வோல்ஃப்காங் டில்மன்ஸ். 2014-இலிருந்து 17-ஐக் கழித்தால் 1997. அந்த வருடம்தான் அவருடைய துணைவர், ஓவியர் யோஹென் க்ளைன், எய்ட்ஸால் வந்த நிமோனியாவில் இறந்துபோனார். கூட்டு மருந்துச் சிகிச்சை 1996-லேயே வந்துவிட்டது. ஒருவரை அது காப்பாற்றியது, இன்னொருவருக்கு எட்டவில்லை. படம் இதில் எதையும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தெரியாதவர் கண்ணுக்கு அது வெறும் குப்பைப்பெட்டி.

நம் போட்டோகிராபி குரூப்புகளில் ஜெர்மனி என்று பேச்சு வந்தால் உடனே ஆந்த்ரேயாஸ் குர்ஸ்கி வந்துவிடுவார். ரைன் நதியை எடுத்த அந்தப் படம், 2011 ஏலம், 43 லட்சம் டாலர், ‘இதற்கா இவ்வளவு?’ என்று ஒரு ரகளை. குர்ஸ்கி மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவரும், டுசல்டோர்ஃப் நகரக் கலைக் கல்லூரியிலிருந்து வந்த அவருடைய சகாக்களும் புகைப்படத்தை ஓவியத்தின் இடத்தில் உட்காரவைத்தார்கள்: சுவரை நிறைக்கிற அளவு, மேலே அக்ரிலிக் கண்ணாடி, கனமான ஃபிரேம், நாலடி தள்ளி நின்று பார்க்கிற மரியாதை. புகைப்படம் கலையாக வேண்டுமென்றால் ஓவியம் மாதிரி நடந்துகொள்ள வேண்டும் என்பது அந்த ஏற்பாட்டுக்குள் ஒளிந்திருக்கிற நம்பிக்கை. டில்மன்ஸ் அதை ஏற்கவில்லை. அதனால்தான் எனக்கு அவர் அதிகம் பிடிக்கிறார்.

அவர் பிறந்த ரெம்ஷைட், டுசல்டோர்ஃபுக்குக் கூப்பிடு தூரம். பிறந்தது 1968. சுத்தி, அரம், ரம்பம் என்று கருவி செய்வதில் பேர்போன ஊர். எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ரோண்ட்கன் பிறந்த லென்னப் இன்றைக்கு இந்த ஊருக்குள்தான் இருக்கிறது. கேமரா இல்லாமலே படம் எடுக்கலாம் என்று காட்டியவரின் மண்ணில், பின்னாளில் கேமரா இல்லாமலே படம் செய்த ஒருவர் பிறந்தது தற்செயல்தான். இருந்தாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சிறுவயதில் டில்மன்ஸுக்கு வானியல் பைத்தியம். தொலைநோக்கியில் கேமராவை வைத்து நட்சத்திரங்களையும் நிலாவையும் எடுத்துக்கொண்டிருந்த பையன். அந்தப் பழக்கம் போகவே இல்லை. 2004-இல் வெள்ளிக் கிரகம் சூரியனைக் கடந்தபோதும் எடுத்தார், 2012-இல் மறுபடி கடந்தபோதும் எடுத்தார்.

பக்கத்திலேயே புகழ்பெற்ற டுசல்டோர்ஃப் கலைக் கல்லூரி இருக்க, அவர் அங்கே போகவில்லை. கட்டாய ராணுவப் பயிற்சிக்குப் பதிலாகச் சமூக சேவை செய்ய ஹாம்பர்க் போனார். அங்கே ஒரு ஜெராக்ஸ் கடையில் இருந்த கேனான் லேசர் மெஷின் அவரைப் பிடித்துக்கொண்டது. படங்களைப் பெரிதாக்கி, அதையே மறுபடி பெரிதாக்கி, புள்ளிப்புள்ளியாகச் சிதறுகிற வரை கொண்டுபோனார். அவருடைய முதல் கண்காட்சி 1988-இல், ஹாம்பர்க்கில் ஒரு காபிக் கடையில், அந்த ஜெராக்ஸ் தாள்களோடுதான் நடந்தது. லென்ஸ் பற்றியே நாள் முழுக்கப் பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

1990-இல் இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள போர்ன்மத்தில் இரண்டு வருடப் படிப்பு. அப்புறம் லண்டன், ‘ஐ-டி’ என்ற இளைஞர் ஃபேஷன் பத்திரிகை, இரவு விடுதிகள், நண்பர்கள். 1992-இல் எடுத்த ஒரு படம் அவர் பெயரை நிலைநிறுத்தியது. ஒரு மரக்கிளையில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆளுக்கொரு மழைக்கோட்டு, உள்ளே ஒன்றும் இல்லை. லுட்ஸ், அலெக்ஸ் என்ற அந்த இருவரும் அவருடைய இளவயதுத் தோழர்கள். பிற்பாடு ஒருவர் உடை வடிவமைப்பாளர் ஆனார், மற்றவர் சிற்பக் கலைஞர் ஆனார். படம் வெளிவந்ததும், ‘இதோ 90-களின் இளைஞர்கள், அவர்கள் வாழ்க்கையை அப்படியே பிடித்துவிட்டார்’ என்றார்கள். கிளையில் ஏறி உட்காரச் சொன்னதே அவர்தான்! உடையைத் தேர்ந்தெடுத்து, இடம் பார்த்து, நிதானமாகச் செய்த படம். அலட்சியமாகக் கிளிக்கியது போலத் தெரிவதற்கு எவ்வளவு மெனக்கெட வேண்டும் என்பது படம் எடுக்கிறவர்களுக்குத் தெரியும், பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

ஆனால் நான் எழுத வந்தது படம் எடுப்பதைப் பற்றி அல்ல, மாட்டுவதைப் பற்றி.

1993-இல் கொலோன் நகரில் டேனியல் புக்ஹோல்ஸ் கேலரியில் ஒரு கண்காட்சி வைத்தார். ஃபிரேம் இல்லை, கண்ணாடி இல்லை. பிரிண்டுகளைச் செலோடேப்பால் நேராகச் சுவரில் ஒட்டிவிட்டார். கையகலப் படம் ஒன்று, அதற்குப் பக்கத்தில் ஆளுயரப் படம், அதற்கு மேலே பத்திரிகையிலிருந்து எடுத்த பக்கம். தன் படம் அச்சான பத்திரிகைப் பக்கத்தை, லேபில் போட்ட ஒரிஜினல் பிரிண்டுக்குச் சமமாகச் சுவரில் வைத்ததுதான் அன்றைக்குப் பலருக்கு உறுத்தியது. கலை ஒரு பக்கம், பத்திரிகை வேலை மறுபக்கம் என்று எல்லோரும் வகுத்திருந்த கோட்டை அவர் மதிக்கவில்லை. பின்னால் பெரிய இங்க்ஜெட் பிரிண்டுகள் வந்தன. அவற்றை ஆபீசில் காகிதம் கோக்கிற கறுப்பு பைண்டர் கிளிப்பில் மாட்டி ஆணியில் தொங்கவிட்டார். ஏசி காற்றில் தாள் லேசாக ஆடும். புகைப்படம் என்பது முதலில் ஒரு தாள், அதற்கு எடை உண்டு, சுருளும், மடங்கும் என்பதை ஃபிரேம் மறைத்துவிடுகிறது. இவர் அதை மறைக்க மறுக்கிறார்.

இது சோம்பேறித்தனம் இல்லையா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். காட்சி நடக்கப்போகிற அறைகளை அளவு குறைத்து மாதிரியாகச் செய்துவைத்துக்கொண்டு, படங்களின் குட்டிப் பிரதிகளை அதன் சுவர்களில் நகர்த்தி நகர்த்திப் பார்ப்பார். எதற்குப் பக்கத்தில் எது, எது கண்மட்டத்துக்கு மேலே, எது மூலையில் ஒதுங்க வேண்டும் என்று ஒவ்வொன்றும் யோசித்து வைத்தது. கல்யாண வீட்டில் யாரை யாருக்குப் பக்கத்துப் பந்தியில் உட்காரவைப்பது என்று தவிக்கிற பெரியவரைப் போன்ற வேலை.

அப்படி வைத்ததில் என்ன கிடைத்தது? ஒரு நட்சத்திரக் கூட்டம், மாடிப்படிக் கைப்பிடியில் தொங்குகிற ஜீன்ஸ், மாடல் கேட் மாஸ், ஜன்னல் விளிம்பில் பழங்கள், போராட்டத்தில் நிற்கிற பெண், எல்லாம் ஒரே சுவரில். எதையும் அவர் ‘முக்கியமானது’ என்று மேடை போட்டுத் தூக்கவில்லை. 2003-இல் லண்டன் டேட் பிரிட்டனில் வைத்த கண்காட்சிக்கு அவர் கொடுத்த தலைப்பின் சாரமே இதுதான்: ஒன்று முக்கியம் என்றால் எல்லாமே முக்கியம். கேட்க வசதியான வாக்கியம், கடைப்பிடிக்கக் கஷ்டமான வாக்கியம். ஏனென்றால் எல்லாம் முக்கியம் என்று சொல்கிற ஒவ்வொரு மியூசியமும் எதையோ நடுச்சுவரில் வைத்து மேலே லைட் போடுகிறது.

ஒலியைவிட வேகமாகப் பறந்த கான்கார்ட் பயணிகள் விமானத்தை அவர் எடுத்த படங்களைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1997-இல் எடுத்த 56 படங்கள். விமானத்துக்குள் ஏறி, விமானி பக்கத்தில் நின்று எடுக்க யாரும் ஆசைப்படுவார்கள். அவர் பெரும்பாலும் வேலிக்கு வெளியே, ஓடுபாதையைச் சுற்றி வாழ்கிற ஜனங்கள் நிற்கிற இடத்தில் நின்றார். பல படங்களில் விமானம் ஒரு சின்ன அம்பு. முன்னால் புல், கம்பிவேலி, ரயில் தண்டவாளம், வீட்டுக்கூரை. பணக்காரர்களின் விமானம் அது. ஆனால் அதன் சத்தமும் அழகும் டிக்கெட் வாங்க முடியாதவர்களுக்கும் தினமும் கிடைத்தன. 60-கள் கற்பனை செய்த எதிர்காலம் தலைக்கு மேலே தினமும் பறந்துகொண்டிருந்தது. 2003-இல் அது நின்றும் போனது. அவருடைய வேலைகளில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது கட்டாயப்படுத்தினால், நான் இதைத்தான் எடுப்பேன்.

யோஹென் க்ளைனுக்கு வருகிறேன். 1994-இல் நியூயார்க் போனபோது பழக்கமானவர். நியூயார்க்கை அடுத்த ஃபயர் தீவுக் கடற்கரையில் யோஹெனும் ஒரு மானும் எதிரெதிரே நிற்கிற கறுப்புவெள்ளைப் படம் ஒன்று உண்டு. மனிதன் கையை விரித்துக் காட்டுகிறான், மான் பார்க்கிறது. அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் யோஹெனின் கையைத் தன் கை பிடித்திருப்பதையும் டில்மன்ஸ் படமாக வைத்திருக்கிறார். முகம் இல்லை, குழாய் இல்லை, அழுகை இல்லை. நோயையும் மரணத்தையும் படம் எடுப்பவர்கள் வழக்கமாக நம் தொண்டையைப் பிடித்து உலுக்குவார்கள். இவர் அதைச் செய்யவில்லை.

2000-இல் பிரிட்டனின் பெரிய கலைப் பரிசான டர்னர் பரிசு கிடைத்தது. அதைப் பெற்ற முதல் புகைப்படக் கலைஞரும் இவர்தான், பிரிட்டிஷார் அல்லாத முதல் ஆளும் இவர்தான். மற்ற பரிசுகளைத் தாண்டிப் போகிறேன்.

அதே காலத்தில் சில வேலைகளுக்குக் கேமராவையே ஓரம் வைத்துவிட்டு இருட்டறைக்குள் போனார். சுத்தம் செய்யாத பிரிண்ட் கழுவும் மெஷினுக்குள் போட்டோ தாளை விட்டு, அழுக்கும் வெள்ளி உப்பும் படிந்த தாளை அப்படியே படமாக ஏற்றுக்கொண்டார். இது ‘சில்வர்’ வரிசை. கையில் சிறு விளக்குகளை வைத்துக்கொண்டு தாளின் மேல் வெளிச்சத்தை ஓடவிட்டார், தண்ணீரில் மை கரைவது போலவும் உடம்பின் மயிரிழைகள் போலவும் கோடுகள் வந்தன. இது ‘ஃப்ரைஷ்விம்மர்’ வரிசை. உண்மையைச் சொன்னால், இரண்டாவது வரிசை எனக்குக் கொஞ்சம் திகட்டுகிறது. அழகு அதிகம். பெரிய வீட்டு சோஃபாவுக்கு மேலே மாட்ட ஏதுவான அழகு. ஏலத்தில் பல லட்சம் பவுண்டுக்குப் போவதும் இவைதான், அதில் ஆச்சரியம் இல்லை.

இரண்டு ஆண்கள் முத்தமிடுகிற படம் ஒன்றை 2002-இல் எடுத்தார். வியர்வை, கண் மூடல், இரவு விடுதி வெளிச்சம். 2007-இல் வாஷிங்டனில் ஹிர்ஷ்ஹார்ன் மியூசியத்தில் அது தொங்கிக்கொண்டிருந்தபோது பார்க்க வந்த ஒருவர் அதைச் சேதப்படுத்தினார். 2016-இல் அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் தன்பாலின ஈர்ப்பாளர்களின் இரவு விடுதியில் நடந்த படுகொலைக்குப் பிறகு அதே படத்தை உலகம் முழுக்க ஜனங்கள் பகிர்ந்துகொண்டார்கள். இதற்கு நான் உரை எழுத வேண்டியதில்லை. சம்பந்தமில்லாமல் இன்னொன்று: பெர்லினில் பெர்க்ஹைன் என்ற பிரபலமான விடுதியில் போன் கேமராவுக்கு ஸ்டிக்கர் ஒட்டித்தான் உள்ளே விடுவார்கள். படம் எடுக்கக் கூடாத அந்த இடத்தின் மாடிச் சுவரில் பல வருடம் தொங்கியவை டில்மன்ஸ் எடுத்த படங்கள்.

இனி என் குறை. இராக் போருக்குப் பிறகு, ‘எங்களுக்கே முழு உண்மை தெரியும்’ என்று சொன்னவர்களைப் பார்த்து 2005-இல் ‘ட்ரூத் ஸ்டடி சென்டர்’ என்ற வேலையை ஆரம்பித்தார். மேசைகளின் மேல் செய்தித்தாள் வெட்டல்கள், தன் படங்கள், அறிவியல் கட்டுரைகள் என்று பரப்பிவைப்பார். நாமே குனிந்து படித்துக் கோத்துக்கொள்ள வேண்டும். இது நல்ல வேலை, ஏனென்றால் முடிவை நம் கையில் விடுகிறது. ஆனால் 2016-இல் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகலாமா என்ற வாக்கெடுப்பு வந்தபோது அவர் போஸ்டர் அடித்தார். யார் வேண்டுமானாலும் இறக்கி, அச்சடித்து ஒட்டிக்கொள்ளலாம் என்று இலவசமாகக் கொடுத்தார். தன் கடல், வான்படங்களின் மேல், எந்த மனிதனும் தீவல்ல, எந்த நாடும் தனியல்ல என்கிற மாதிரி வரிகள். நோக்கத்தில் எனக்குச் சண்டை இல்லை. அவரை வளர்த்ததே எல்லை தாண்டிப் போக முடிந்த ஐரோப்பாதான், அது மூடுகிறபோது கத்தாமல் இருக்க முடியாது. ஆனால் போஸ்டராகப் பார்த்தால் அவை பலவீனம். எதுவும் சொல்லாமல் இருந்த வானத்தின் மேல் ஒரு வாக்கியத்தை ஒட்டியவுடன் வானமும் போனது, வாக்கியமும் வாழ்த்து அட்டை ஆனது. ஏற்கெனவே சேர்ந்து வாழ விரும்புகிறவர்களுக்குத்தான் அது பிடித்திருக்கும். விலக நினைத்தவர் யாரும் அதைப் பார்த்து நின்றிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. கலைஞன் நேரடி அரசியலுக்கு வரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சுவரில் இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்தே இவர் செய்கிற அரசியல், எழுத்தில் வரும்போது பாதிதான் தேறுகிறது.

2009-க்குப் பிறகு டிஜிட்டலுக்கு மாறி உலகம் சுற்றி எடுத்த ‘நோய வெல்ட்’ (புதிய உலகம்) வரிசை பற்றியும் எனக்கு அரைமனசுதான். அந்தப் படங்கள் அத்தனை துல்லியம். கார் ஹெட்லைட்டுகளைக் கிட்டத்தில் எடுத்த படங்கள் மட்டும் அருமை. பழைய வட்ட விளக்குகள் போய், கோபமாக முறைக்கிற கண்களைப் போல அவை மாறிவிட்டதை அவர் கவனித்திருக்கிறார். மற்றபடி, நகரத்துக்கு நகரம் தாவுகிற கண்ணில் பழைய ஒட்டுதல் இல்லை. தன் நண்பர்களை எடுத்தபோது இருந்த உரிமை, முன்பின் தெரியாத சந்தையில் வரவில்லை.

இதையெல்லாம் மீறி 2025 பாரிஸ் கண்காட்சி என்னை மறுபடி அவர் பக்கம் இழுத்துவிட்டது. ஐந்து வருடப் பழுதுபார்ப்புக்காக மூடவிருந்த பாம்பிடு கலை மையம், மூடுவதற்கு முந்தைய கடைசிக் கண்காட்சிக்கு அவரைக் கூப்பிட்டது. அவருக்குக் கொடுத்தது வழக்கமான காட்சிக்கூடத்தை அல்ல, அங்கேயே இருந்த பொது நூலகத்தின் தளத்தை, 6,000 சதுர மீட்டர். மாணவர்களும் வேலையில்லாதவர்களும் வீடில்லாதவர்களும் வருடக்கணக்கில் உட்கார்ந்து படித்த இடம். அவர் அந்த நூலகத்தை ஒரு வெள்ளைப் பெட்டியாக மாற்றவில்லை. வாசிப்பு மேசைகளும் அலமாரிகளும் காட்சிக்குள் வந்தன. டேப்பும் கிளிப்பும் இந்தச் சுவர்களுக்குத்தான் இவ்வளவு நாள் காத்திருந்தன என்று தோன்றியது.

ஆனாலும் ஒரு முரண் தீரவில்லை. செலோடேப்பில் ஒட்டிய அந்தத் தாளுக்குப் பக்கத்தில் காவலாளி நிற்கிறார். தாளின் விலை நமக்கு எட்டாது. மேல் கீழ் என்ற வரிசையைக் கலைத்து எல்லாவற்றையும் சமமாக வைத்தவர், சந்தையைச் சமமாக்க முடியவில்லை. அவருக்கும் இது தெரிந்திருக்கும். புத்தகங்களில் அவர் காட்டுகிற அக்கறைக்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 1995-இல் டாஷன் பதிப்பகம் போட்ட முதல் புத்தகத்திலிருந்து அவற்றையும் கண்காட்சி மாதிரியே பக்கம் பக்கமாக யோசித்துச் செய்கிறார், அவையும் அவருக்கு ஒரு சுவர்தான்.

ஆகவே பார்க்க விரும்புகிறவர்கள் ‘நோய வெல்ட்’ பக்கம் போக வேண்டாம். ‘கான்கார்ட்’ புத்தகம் பழைய புத்தகச் சந்தையிலோ ஏதாவது நூலகத்திலோ கையில் சிக்கினால் அதை எடுங்கள். யாராவது வாங்கினால் எனக்கும் ஒரு வாரம் இரவல் கொடுங்கள்.