கோச்சோவையும் சொல்லியிருக்கலாம்

இராக்கின் சிறுபான்மை மதத்தவரான யசீதிகள்மீது நடந்த இனப்படுகொலையின் நினைவுநாளைப் பற்றிக் கட்டுரை எழுதியதற்கு நன்றி, ஆனால் சிஞ்சார் பகுதி என்ற பெயரோடு நிறுத்திவிட்டீர்களே, அங்கிருக்கும் கோச்சோ கிராமத்தைச் சொல்ல வேண்டாமா? 2014 ஆகஸ்ட் 3-ல் ஐஎஸ் (இஸ்லாமிய அரசு) தீவிரவாத அமைப்பு சிஞ்சாருக்குள் புகுந்தது, அப்புறம் அந்தக் கிராமத்தை நாள்கணக்கில் வளைத்து வைத்திருந்து, 15-ம் தேதி எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்கு வரச்சொல்லி, நகை, பணம், செல்போன் என்று கையிலிருந்த எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு, ஆண்களை வண்டியில் ஏற்றிப்போய் ஊருக்கு வெளியே சுட்டார்கள். மாடியில் அடைத்து வைத்திருந்த பெண்களுக்கு அந்தச் சத்தம் கேட்டது. வயதான பெண்களையும் கொன்றார்கள், இளம்பெண்களை அடிமைகளாக விற்றார்கள். நோபல் பரிசு பெற்ற நாதியா முராத் அந்த ஊர்ப் பெண்தான்.

கொல்லப்பட்டவர்களில் 104 பேரின் எலும்புகள், டிஎன்ஏ சோதனை முடிந்து, 2021 பிப்ரவரியில்தான் கோச்சோ மண்ணுக்குத் திரும்பின. ஆறரை வருஷம்! ஒரு தாய் தன் பிள்ளையைப் புதைக்கக்கூட இத்தனை காலம் காத்திருக்க வேண்டுமா?

இராக்கின் மோசூல் நகரில் கிறிஸ்தவர்களின் வீட்டுச் சுவரில், கிறிஸ்தவரைக் குறிக்கும் 'நஸ்ரானி' என்ற சொல்லின் முதல் எழுத்தான 'நூன்' என்ற அரபு எழுத்தைக் குறியிட்டு ஐஎஸ் அவர்களை விரட்டியதும் 2014 ஜூலையில்தான். அங்குள்ள இன்னொரு சிறுபான்மையினரான ஷியா துருக்மேன்களையும் விடவில்லை.

கடத்தப்பட்ட 6,000-க்கும் மேற்பட்ட யசீதிகளில் 2,500 பேருக்கு மேல் பல வருஷம் கழித்தும் வீடு திரும்பவில்லை. அவர்களைத் தேடும் குடும்பங்களைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதுங்கள்.