கழுகு தன் அலகை உடைத்துக்கொள்வதில்லை

'கழுகு 40 வயதில் மலையுச்சிக்குப் போய், அலகைப் பாறையில் மோதி உடைத்து, இறகுகளைப் பிடுங்கிப் புதுப்பிறவி எடுத்து, 70 வரை வாழும். நீயும் வலியைத் தாங்கு' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் கதை பொய்.

வேலை போய் நொந்திருப்பவருக்குத் தயவுசெய்து இதை அனுப்பாதீர்கள். தனியாகப் போய் உன்னையே காயப்படுத்திக்கொள் என்றல்லவா அது சொல்கிறது! 'சாப்பிட்டியா?' என்று ஒரு போன் போதும்.

கழுகின் அலகு நம் நகம்போல வளர்ந்தபடியே தேயும். இறகுகள் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து முளைக்கும். காட்டில் வெண்தலைக் கழுகுக்குப் பதிவான அதிகபட்ச வயதே 38தான்.

சரி, அலகு போனால்? 2005இல் அலாஸ்காவில் சுடப்பட்டு மேல் அலகை இழந்த ஒரு வெண்தலைக் கழுகு, இரை தின்ன முடியாமல் குப்பைமேட்டில் மெலிந்து கிடந்தது. மனிதர்கள் எடுத்துப்போய்க் கையால் ஊட்டினார்கள். 2008இல் செயற்கை அலகு பொருத்தினார்கள்.