இலக்கைத் தொட்டபின் ஊசி வேண்டாமா?

இலக்கு எடை வந்ததும் எடை குறைப்பு ஊசியை நிறுத்தலாம், மிச்சத்தை மன உறுதி பார்த்துக்கொள்ளும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அவ்வளவு சுலபமா? சர்மவுன்ட்-4 ஆய்வில், 36 வாரம் டிர்செபடைட் என்ற எடை குறைப்பு ஊசி மருந்தைப் போட்டு சராசரியாக 20.9 சதவீதம் எடை குறைந்தவர்களில் பாதிப் பேருக்கு, யாருக்கு எது என்று சொல்லாமல், மருந்தில்லாத ஊசி போட்டார்கள். உணவு, உடற்பயிற்சி அறிவுரை இரு தரப்புக்கும் ஒன்றுதான். ஓராண்டில் மருந்தில்லாத ஊசி போட்டவர்களுக்கு எடை 14 சதவீதம் ஏறியது; மருந்தைத் தொடர்ந்தவர்களுக்கு மேலும் 5.5 சதவீதம் இறங்கியது. மன உறுதி ஒரு பக்கம் மட்டும் தீர்ந்துபோனதா என்ன? மருந்து இருக்கும்வரை இரண்டு இட்லியோடு போதும் என்று சொன்ன வயிறு, நின்றதும் நாலாவதைக் கேட்கும். செலவு கட்டுப்படியாகாதவர்கள் பாடுதான் கஷ்டம். அவர்களும் தாமாக நிறுத்தாமல், அளவைக் குறைத்துத் தொடர முடியுமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். அப்புறம், எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கரையும். தசையைக் காக்க உதவும் முட்டை, பயறு, பளு தூக்கும் பயிற்சி பற்றிக் கட்டுரையில் ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.