பஸ் காசு யார் குடுக்கிற?

போன கிழமை ஒரு வழிகாட்டல் கூட்டத்துக்கு என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தாங்க. சட்டம் படிக்கிற, படிக்கப் போற புள்ளைகள், மட்டக்களப்புப் பக்கத்தாக்களும் இரிக்காங்க, கல்முனை அக்கரைப்பற்றால வந்தாக்களும் இரிக்காங்க. மேடையில எல்லாருக்கும் ஒரே பாட்டுத்தான், சமூகத்துக்குச் சேவை செய்யோணும், ஏழைகளுக்கு இலவசமா ஆஜராகோணும், காசுக்குப் பின்னால ஓடக் கூடாது. நானும் அதத்தான் பேசினன், கைதட்டும் கிடைச்சிது. முடியப் போற நேரம் பின் வரிசையில இருந்து ஒரு புள்ள எழும்பி "சேர், சேவை செய்ய விருப்பம்தான், அப்ரண்டிஸ் செய்ற ஆறு மாசமும் பஸ் காசு யார் குடுக்கிற?" எண்டு கேட்டா. மண்டபமே சிரிச்சிது. எனக்குச் சிரிப்பு வரல்ல. நேரம் போயிட்டெண்டு நன்றியுரைக்குப் போயிட்டாங்க, நானும் அந்தப் புள்ளைக்குப் பதில் சொல்லாமலே வடையத் திண்டு தேத்தண்ணியக் குடிச்சிட்டு வந்துட்டன். அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கங்க.

வெளியாக்களுக்குத் தெரியாது எண்டதால சொல்றன். லோ கொலிஜ்ல (சட்டக் கல்லூரியில) படிச்சாலும் சரி, கெம்பஸ்ல சட்டம் முடிச்சாலும் சரி, கடைசியில லோ கொலிஜ் சோதினை பாஸ் பண்ணி, ஒரு சீனியருக்குக் கீழ ஆறு மாசம் அப்ரண்டிஸ் செஞ்சாத்தான் லோயரா சத்தியப்பிரமாணம் எடுக்கலாம். அந்த ஆறு மாசத்துக்குச் சம்பளம் குடுக்கோணும் எண்டு ஒரு வழக்கம் எங்கட பக்கத்தில இல்ல. குடுக்கிற சீனியர்மார் இரிக்காங்க, இல்லெண்டு சொல்லல்ல. நான் செய்யக்குள்ள எனக்குக் கிடைச்சவர் வேலையில புலி, குறுக்கு விசாரணை எண்டா என்னெண்டு நான் பாத்துப் பழகினது அவரிட்டத்தான், ஆனா ஆறு மாசத்தில ஒரு பகல் சாப்பாடு வாங்கித் தந்தாரோ எண்டு கேட்டா இல்ல. ஃபைல் கட்டத் தூக்கிட்டுப் பின்னால நடக்கிற, பின்னேரம் கோட்ஸுக்கு முன்னால உள்ள கடையில ரெண்டு ரொட்டியும் பருப்பும். அக்காட சங்கிலி ஈட்டுக்கடையில கிடந்த நாள்கள் அது. சத்தியப்பிரமாணம் எடுத்து வந்த உடனே நான் என்ன செஞ்சிருப்பன் எண்டு நினைக்கிறீங்க, சேவையா? சங்கிலிய மீட்கிற வேலையத்தான் பாத்தன். காணி கைமாறக்குள்ள எழுதுற உறுதி, பிணை, அக்சிடென்ட் கேஸ். உறுதி முடிக்கிறதும் வேலைதான், இண்டைக்கும் எங்கட வீட்டு அடுப்பு அதிலதான் எரியுது, அதக் கேவலமா ஒருத்தரும் பேச வேணாம்.

ஆனா "முதல்ல உழைப்பம், பொறகு சேவை செய்வம்" எண்டு அப்ப நானும் சொன்னன் பாருங்க, அந்தப் பொறகு வர எனக்குப் பதினொரு வருசம் எடுத்திச்சி. என்னோட சேந்து சொன்ன கூட்டாளிமார் கனபேருக்கு இன்னும் வரல்ல. இதுல மனசு நல்லமா கெட்டதா எண்ட கதையே இல்ல, முழுக்கப் பழக்கம். முதல் ரெண்டு மூணு வருசத்தில எந்த மாதிரி ஆக்கள் முன்னால கதிரையில இருந்தாங்களோ, அந்த மாதிரி ஆக்களோட கதைக்கத்தான் நமக்கு நாக்கு பழகும். காசில்லாத மனிசி ஒராள் கதைய நடுவில இருந்து தொடங்கி, சுத்தி, அழுது, திரும்பி முதலுக்கு வாறதக் கேக்க ஒரு பொறுமை வேணும். அத நாப்பத்தைஞ்சு வயசில புதுசாப் பழகேலாது.

ஒரு கதை சொல்றன். வாகரைப் பக்கத்து அம்மா ஒராள், அடையாளம் தெரியாத மாதிரிச் சில விசயத்த மாத்திரிக்கன். முதல் பஸ்ஸில வந்து, சொப்பிங் பேக்குக்குள்ள பொலித்தீன், அதுக்குள்ள இன்னொரு பொலித்தீன், அதுக்குள்ள காணி பேர்மிட். சுனாமித் தண்ணியில ஊறின பேர்மிட். மை பரவி, மடிச்ச இடம் கிழிஞ்சு, உப்புக் கறை மஞ்சளாப் படிஞ்சு, புருசன்ட பேரும் இலக்கத்தில பாதியும்தான் வாசிக்கலாம். புருசன் செத்துப் போனார். காணியில இரிக்கிறது மகளும் பேரப்புள்ளைகளும். மூத்த மகன் வெளிநாட்டில, காணி தனக்குத்தான் சேரும், விக்கப் போறன் எண்டு ஆள் அனுப்பியிரிக்கான்.

இப்ப இதுல சட்டம் என்ன சொல்லுது எண்டு பாருங்க. அரச காணிக்குப் பேர்மிட் குடுக்கிறது 1935ஆம் ஆண்டு 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்குக் கீழ. பேர்மிட்காரர் தனக்குப் பொறகு ஆருக்கு எண்டு எழுதி வைக்காம செத்தா, மனிசி சாகுமட்டும் இரிக்கலாம், அதுக்குப் பொறகு பட்டியல்ப்படி ஆம்புளைப் புள்ளை முதல், அதுலயும் மூத்தவன் முதல். 2022ஆம் ஆண்டு 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வாறமட்டும் இதான் நிலம. ஆனா எங்கட ஊர்ல வீடும் வளவும் ஆருக்குக் குடுக்கிற? மகளுக்குத்தானே! தமிழாக்களும் அப்படித்தான், முஸ்லிமாக்களும் அப்படித்தான், மாப்புள பொண்டாட்டி வீட்டுக்குப் போற, தாய் தகப்பன் புது வீடு கட்டியோ இரிக்கிற வீட்ட விட்டுக் குடுத்தோ மகளக் குடியமத்துற. காலாகாலமா நடக்கிற இந்த வழமையும், கொழும்பில இருந்து எழுதின அந்தப் பட்டியலும் முட்டி முட்டி எத்தின குடும்பத்தில அண்ணன் தங்கச்சி முகம் பாக்காம இரிக்காங்க தெரியுமா. கொழும்பில லோ கொலிஜ் இரிக்கிற புதுக்கடையில இருந்து நோட்ஸ் பாடமாக்கின புள்ளைக்குச் சட்டத்தின்ட பேரும் பிரிவும் தெரியும், இந்த முட்டல் தெரியாது. எங்கட வெல்லாவெளிப் புள்ளைக்கும் திருக்கோவில் புள்ளைக்கும் அது வீட்டுக் கதை. அந்தப் புள்ளையள வச்சு உறுதி மட்டும் எழுதிக்கிட்டிருந்தா நட்டம் ஆருக்கு?

சரி, அந்தக் கேஸ் என்னாச்சு. கேஸே போடல்ல. அப்ப எனக்குக் கீழ அப்ரண்டிஸ் செஞ்ச ஓட்டமாவடித் தம்பி ஒராள், "சேர், ஆர்டிஐ ஒண்டு போட்டுப் பாப்பமா?" எண்டார். 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், அதுக்கு லோயரே தேவையில்ல, குடிமகன் ஆரும் போடலாம், 14 வேலை நாளுக்குள்ள தருவமா இல்லையா எண்டு முடிவு சொல்லோணும். அந்தக் காணிப் பேர்மிட்டப் பதிஞ்சு வச்சிரிக்கிற லெட்ஜர் (அரசாங்கப் பதிவேடு) பக்கத்தின்ட பிரதி தாங்க எண்டு அம்மாட பேர்ல ஒரு பக்கக் கடிதம். இழுத்தடிச்சாங்க, நினைவூட்டல் போட்டம், அந்தத் தம்பி ரெண்டு தரம் நேர போனார். கடைசியா வந்த போட்டோகொப்பியில, தனக்குப் பொறகு ஆருக்கு எண்டு எழுதுற கட்டத்துக்குள்ள மகள்ட பேர் இரிக்கு! மனிசன் உயிரோட இரிக்கக்குள்ளயே எழுதி வச்சிட்டுத்தான் போயிரிக்கார், வீட்டில ஒருத்தருக்கும் தெரியாது. அந்த அம்மா அந்தக் கட்டத்த விரலால தடவித் தடவிப் பாத்தா, அவவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது, "இதா ஐயா, இந்த எழுத்தா" எண்டு மூணு தரம் கேட்டா.

இலவச வேலை எண்டா உச்ச நீதிமன்றத்தில கறுப்புக் கோட்டோட நிண்டு முழங்குற எண்டு நினைச்சிட்டிருக்கிற புள்ளைகளுக்குத்தான் இதச் சொல்றன். பாதி வேலை கடிதம் எழுதுறது. மற்றப் பாதி, எழுதின கடிதத்துக்குப் பின்னால நடக்கிறது. வீட்டு வன்முறைக் கேஸில 2005ஆம் ஆண்டு 34ஆம் இலக்கச் சட்டத்துக்குக் கீழ நீதவான் கோட்ஸில பாதுகாப்புக் கட்டளை எடுக்கலாம் எண்டு அடி வாங்குற மனிசிக்குத் தெரியாது, அதச் சொல்றதுக்கே ஒராள் வேணும். அடிப்படை உரிமை மீறல் எண்டா ஒரு மாசத்துக்குள்ள உச்ச நீதிமன்றம் போகோணும், அது கொழும்பில மட்டும்தான், பொத்துவில்ல இருக்கிற ஆளுக்கு 300 கிலோமீட்டருக்கு மேல. ஆனா அந்த ஒரு மாசத்துக்குள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவில முறைப்பாடு குடுத்தா விசாரணை நடக்கிற காலம் அந்தக் கணக்கில சேராது, மட்டக்களப்பிலயும் கல்முனையிலயும் அவங்களுக்கு அலுவலகம் இரிக்கு. இந்த ஒரு விசயம் தெரியாம மாசம் கழிச்சி என்னட்ட வந்தாக்கள் இரிக்காங்க, தெரிஞ்ச ஒரு அப்ரண்டிஸ் புள்ள ஊர்ல இருந்திருந்தாலே காணும்.

இலவசமெண்டா அரை வேலை எண்டு ஒரு எண்ணமும் இரிக்கு, அதுதான் எனக்குச் சரியான கோவம் வாற விசயம். மேல் நீதிமன்றத்தில குற்றப்பத்திரம் வந்தவருக்கு லோயர் வைக்க வசதியில்லாட்டி நீதிபதியே ஒராள நியமிப்பார், அதுக்கு அரசாங்கம் சின்னத் தொகை ஒண்டு குடுக்கும். அதப் பொறுப்பெடுத்திட்டு, அண்டைக்குக் காலையில கன்டீன்ல இருந்து ஃபைலப் பிரிக்கிற ஆக்கள நான் கண்ணால பாத்திரிக்கன். உள்ள கூட்டுல நிக்கிறவன்ட வாழ்க்கை ஐயா அது. தானம் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்கக் கூடாது எண்டுவாங்க, எங்கட தொழில்ல நல்லா வாயத் திறந்து பல்ல எண்ணிப் பாக்கோணும் எண்டு நான் சொல்லுவன்.

சம்பளத்தோடயே சேவை செய்யவும் வழி இரிக்கு, அத மேடையில ஒருத்தரும் சொல்லல்ல. 1978ஆம் ஆண்டு 27ஆம் இலக்கச் சட்டத்தால வந்த சட்ட உதவி ஆணைக்குழு இரிக்கு, சட்டமா அதிபர் திணைக்களம் இரிக்கு, நீதிச்சேவைச் சோதினை இரிக்கு. எனக்குப் புடிச்ச ஒண்டு, சட்டங்கள எழுதிக் குடுக்கிற சட்டவரைஞர் திணைக்களம். பாராளுமன்றச் சட்டங்கள்ட கடைசிப் பக்கத்தப் பாருங்க, சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் முரண் வந்தா சிங்களமே மேலோங்கும் எண்டு ஒரு வரி இரிக்கும். தமிழ்ச் சட்டப் பிரதி சிலத வாசிச்சா தமிழா எண்டு சந்தேகம் வரும், எனக்கே இங்கிலிஷ் பிரதிய எடுத்து வச்சாத்தான் விளங்கும். அந்த மேசையில போய் இருந்து எங்கட புள்ள ஒண்டு ஒழுங்கான தமிழ்ல சட்டம் எழுதினா அதுக்கு மாலையும் இல்ல, பேப்பர்ல படமும் இல்ல, ஆனா நாட்டில தமிழ் வாசிக்கிற எல்லாருக்கும் செஞ்ச சேவை. சிங்களமும் இங்கிலிஷும் நல்லாப் படிங்க எண்டு நான் அரிச்சிக்கிட்டே இருக்கிறது இதுக்காகத்தான், கொழும்பில போய்த் தொங்கிறதுக்கில்ல.

இப்ப பஸ் காசுக்கு வாறன். வசதியான வீட்டுப் புள்ளைக்குச் சேவை ஒரு விருப்பம். கஷ்டப்பட்ட வீட்டுப் புள்ளைக்கு அது கடன். அந்தக் கடன அவங்கட தலையில போட்டுட்டு மேடையில நிண்டு "தியாகம்" எண்டு பேச எங்களுக்கு வெக்கம் வேணும், என்னையும் சேத்துத்தான். சீனியர்மார் நாங்க மாசத்துக்கு முடிக்கிற உறுதியில ரெண்டு உறுதிக் காசு ஒரு அப்ரண்டிஸ்ட பஸ்ஸுக்கும் பகல் சாப்பாட்டுக்கும் காணும். லோயர்மார் சங்கங்கள் வருசத்துக்கு ஒரு விருந்தக் குறைச்சாலும் காணும். (இதுக்கு ஃபோன் எடுத்து ஏசப் போறாக்கள் இரவு ஒன்பது மணிக்குப் பொறகு எடுங்க, பகல்ல கோட்ஸ்.)

நான் இந்த முறை ரெண்டு பேர எடுக்கிறன். பஸ் காசும் பகல் சாப்பாடும் என்ட பொறுப்பு, மாசம் கைச்செலவுக்கு ஏதும் தருவன், பெருசா எதிர்பாக்க வேணாம். பதிலுக்குச் சனிக்கிழமை அரை நாள் காசில்லாம வாற ஆக்கள்ட கதைய இருந்து கேக்கோணும், கேட்டத ஒழுங்கான தமிழ்ல ஒரு பக்கத்துக்குள்ள எழுதோணும். ஒரு இடம் நிரம்பிட்டு, திருக்கோவில் புள்ள ஒண்டு வருது. மற்ற இடம் அண்டைக்குப் பின் வரிசையில எழும்பிக் கேட்ட புள்ளைக்கு. பேர் தெரியாது, பச்சைச் சல்வார், கையில அரைவாசி கிழிஞ்ச கொப்பி. தெரிஞ்சாக்கள் சொல்லிவிடுங்க. திங்கக்கிழமை வரட்டும், வாற பஸ் டிக்கட்ட எறியாமக் கொண்டு வரட்டும்.