எதற்கெடுத்தாலும் ப்ரோ மேக்ஸா?

2019 செப்டம்பரில் ஐபோன் 11 ப்ரோ மேக்ஸ் வந்தபோது அந்தப் பெயருக்கு ஓர் அர்த்தம் இருந்தது. ப்ரோவின் திரை 5.8 அங்குலம், மேக்ஸுக்கு 6.5. அடுத்த மார்ச்சிலேயே ரெட்மி நோட் 9 ப்ரோ மேக்ஸ். இப்போது சார்ஜர், இயர்போன், டிரிம்மர் எல்லாவற்றிலும் அதே வால். போன வாரம் கடையில் கேட்டேன், சாதா டிரிம்மருக்கும் இதற்கும் என்னங்க வித்தியாசம் என்று. கடைக்காரருக்கே தெரியவில்லை. விலை மட்டும் கூட!

பேச்சையும் இது விடவில்லை. என் தம்பி மகன் யாரையோ 'கஞ்சன் ப்ரோ மேக்ஸ்' என்கிறான். மகா கஞ்சன், வடிகட்டின கஞ்சன், எச்சில் கையால் காக்கா ஓட்டாதவன்... நம்மிடம் இத்தனை இருக்கிறதே! ஒவ்வொரு முறை கேட்கும்போதும் வயிறு எரிகிறது.