89 விநாடிக்குள் ஒரு தொழில்: ஹிரோனோபு காகேயாமா

டிராகன் பால் இசட் என்ற ஜப்பானிய அனிமே (கார்ட்டூன்) தொடர் பற்றிப் பேச்சு எழுந்தால் கூடவே அதன் தலைப்புப் பாட்டு 'சா-லா ஹெட்-சா-லா'வும் வந்துவிடும். "என்ன குரல்யா, கடவுள் கொடுத்த வரம்" என்று யாராவது எழுதுவார்கள். அதைப் பாடிய ஹிரோனோபு காகேயாமாவின் பெயரை அதற்கு மேல் யாரும் தேடுவதில்லை. 1977-ல், 16 வயதில் மேடையேறிய மனிதர் இன்னமும் பாடிக்கொண்டிருக்கிறார். குரல்வளம் மட்டும் ஒருவரை இவ்வளவு காலம் நிறுத்தி வைக்காது. அனிமே பாட்டுக்கென்று அளவு, கணக்கு, கட்டுப்பாடு எல்லாம் உண்டு. அதை ஒரு தொழிலாக மதித்துக் கற்றுக்கொண்டதால்தான் அவர் நின்றார் என்பது என் உறுதியான கருத்து.

ஒசாகாக்காரர், 1961-ல் பிறந்தவர். நண்பர்களோடு சேர்ந்து தொடங்கிய ராக் குழுவின் பெயர் 'லேஸி'. பிரிட்டிஷ் ஹார்ட் ராக் குழு டீப் பர்ப்பிளின் பாட்டுப் பெயரை எடுத்து வைத்துக்கொண்ட பையன்கள் என்றால் என்ன மாதிரி இசை வாசிக்க ஆசைப்பட்டிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் சந்தைக்கு வந்தது ரசிகைகளைக் கவரும் அழகுப் பையன்களின் பாப் குழுவாக, ஜப்பானில் 'ஐடல்' என்பார்கள். ஆளுக்கொரு செல்லப்பெயர், காகேயாமா 'மிஷெல்' ஆனார். 1978-ல் 'அகாசுகின்-சான் கோயோஜின்' ஹிட் ஆனது. 1980 இறுதியில் பிடிவாதமாக ஒரு ஹார்ட் ராக் ஆல்பம் போட்டார்கள், 1981-ல் குழு கலைந்தது. கிட்டாரிஸ்ட் அகிரா தகாசாகியும் டிரம்மர் முனேதாகா ஹிகுச்சியும் அதே வருடம் 'லவுட்னெஸ்' என்ற ஹெவி மெட்டல் குழுவைத் தொடங்கி உலகம் சுற்றினார்கள். பாடகர் தனியாக நின்றார்.

அடுத்த நான்கு வருடம் தனிப்பாடகராக எதுவும் ஓடவில்லை. சின்னச் சின்ன இசை அரங்குகளில் பாடுவது, செலவுக்குக் கட்டட வேலைக்குப் போவது. 1985-ல் 'டெங்கேகி சென்டாய் சேஞ்ச்மேன்' தலைப்புப் பாட்டு கிடைத்தது. பவர் ரேஞ்சர்ஸ் பிறந்து வந்த அதே சூப்பர் சென்டாய் வரிசை. அந்தப் பாட்டில் அவர் பெயர் 'காகே' என்று மட்டும்தான் இருக்கும். பத்து வயதுப் பையனுக்குப் பாடியவர் யார் என்பது தேவையில்லை, சேஞ்ச்மேன் என்ற பெயர் காதில் விழுந்தால் போதும். முன்னாள் நட்சத்திரம் ஒருவருக்கு இதை ஏற்பது லேசான காரியம் கிடையாது. அவர் ஏற்றுக்கொண்டார், வேலை வரிசைகட்டி வந்தது: 1987-ல் மாஸ்க்மேன், டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ஹெட்மாஸ்டர்ஸ், 1988-ல் செயின்ட் செய்யாவின் 'சோல்ஜர் ட்ரீம்', 1989 ஏப்ரலில் டிராகன் பால் இசட்.

இனி தொழிலுக்கு வருவோம். தொலைக்காட்சி ஓப்பனிங்குக்கு, அதாவது தொடரின் தலைப்புப் பாட்டுக்கு, பொதுவாக ஒதுக்குவது 90 விநாடி. தொடக்கத்திலும் முடிவிலும் அரை விநாடி மௌனம் விடுவது அங்கே ஒளிபரப்பு வழக்கம், ஆகவே பாட்டுக்கு மிஞ்சுவது 89. அதற்குள் முன்னிசை, ஏ மெலடி என்கிற முதல் பகுதி, பி மெலடி என்கிற இரண்டாம் பகுதி, ஜப்பானியர் 'சாபி' என்று சொல்லும் உச்சப் பகுதி, முடிவிசை எல்லாம் அடங்க வேண்டும். நம் சினிமாப் பாட்டில் பல்லவியை முதலிலேயே கொடுத்துவிட்டு, சரணத்துக்குப் போய்த் திரும்பி வரலாம். இங்கே பெரும்பாலும் உச்சம் கடைசியில்தான் வரும், டிவி வடிவில் ஒரே ஒரு தடவைதான் வரும். அந்த ஒரு தடவை தவறினால் அடுத்த வாரமும் அதே தவறுதான் ஒளிபரப்பாகும். டிராகன் பால் இசட் 291 எபிசோட். அதில் 199 வரைக்கும் இந்த ஒரே பாட்டு.

'சா-லா ஹெட்-சா-லா' எழுதியது யுகினோஜோ மோரி, இசை சிஹோ கியோகா. ஏ மெலடியில் நான்கு வரி. மேகத்தைத் துளைத்துப் பறக்கிறான், முகத்தில் உதை வாங்கிய பூமி கோபத்தில் எரிமலையை வெடிக்க வைக்கிறது. இவ்வளவு அமர்க்களமான வரிகளை அவர் எப்படிப் பாடுகிறார் என்று கவனியுங்கள். ஏறக்குறைய பேச்சுக் குரல், அழுத்தமே இல்லை. முதல் வரிக்கும் மூன்றாம் வரிக்கும் பின்னால் ஓர் எதிரொலி வரும், அது பின்னணிக் குரல்களின் பங்கு. பி மெலடியில் பனிக்கட்டிக்குள் டைனோசர் இருந்தால் அதற்குப் பந்து மேல் நடக்கப் பழக்குவேன் என்கிற வரி. அங்கே ஸ்வரங்களை நீட்டி, தாளத்தை இழுத்துப் பிடிப்பது போல ஒரு தோற்றம் காட்டுகிறார். அப்புறம்தான் 'சா-லா'. நாயகன் கோகுவின் பெயர் ஒரு இடத்திலும் வராது. அவன் எதிரிமேல் வீசும் சக்திப் பந்தான கென்கிதாமா மட்டும் கடைசி வரியில் வரும், உடனே 'ஸ்பார்க்கிங்' என்ற கூச்சல். 80 விநாடிக்கு மேல் சேர்த்து வைத்ததை அந்த ஒரு சொல்லில் இறக்குகிறார்.

இதை கவர் பாடி வீடியோ போடுகிறவர்கள் திரும்பத் திரும்பச் சறுக்குவது இந்த இடங்களில்தான்.

முதல் வரியையே முழுக் குரலில் எடுப்பார்கள். சாபி வரும்போது ஏறுவதற்குப் படியே இருக்காது, ஆகவே கத்துவார்கள். ஏ மெலடியைப் பாதிக் குரலுக்கு மேல் விடவே கூடாது. அடுத்தது அந்த எதிரொலி. தானே பாடி, தானே எதிரொலியும் கொடுத்தால் மூச்சு வாங்க வேண்டிய இடம் போய்விடும், நான்காம் வரியின் வால் கரகரக்கும். அதை நண்பரிடமோ இன்னொரு டிராக்கிலோ விடுங்கள். 'சா' என்ற எழுத்தில் வேலை முழுக்க நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் உரியது. மெய்யைக் கூர்மையாக வெட்டி, உயிரைத் தானாக வழிய விட வேண்டும். 'ஆ'வில் அழுத்தினால் அடி நேரே குரல்நாணில் விழும். டிவி வடிவம் பாடுகிறவர் 'ஸ்பார்க்கிங்'கில் மிச்சமிருப்பதையெல்லாம் கொட்டிவிடலாம், அதோடு முடிந்தது. மூன்று நிமிடத்துக்கும் மேல் போகிற முழுப் பாட்டில் அதற்குப் பிறகு இரண்டாம் சுற்று காத்திருக்கிறது. அங்கே கத்தித் தீர்த்தவர்களால் அடுத்த ஏ மெலடியை மென்மையாக எடுக்க முடியாது. வீங்கிய குரல்நாண் சத்தமாகப் பாட ஒத்துழைக்கும், மெதுவாகப் பாடச் சொன்னால்தான் உடைந்து காட்டிக்கொடுக்கும்.

தொண்ணூறுகளில் இந்தத் தொழிலுக்கே ஆபத்து வந்தது. தலைப்புப் பாட்டு என்பது இசை நிறுவனங்கள் தங்கள் பாப் பாடகர்களை விளம்பரப்படுத்தும் இடமாக மாறியது. 1987-லேயே சிட்டி ஹன்டரின் முடிவுப் பாட்டுக்கு டிஎம் நெட்வொர்க், 1996-ல் கென்ஷினுக்கு ஜூடி அண்ட் மேரி. அவை நல்ல பாட்டுகள், மறுக்கவில்லை. ஆனால் தொடருக்காகவே பிறந்து, அதன் ஆயுதத்தையும் வீரனையும் பேர் சொல்லிக் கூப்பிடும் பாட்டுகளுக்கு இடம் சுருங்கிக்கொண்டே போனது. அந்த மரபைக் காப்பாற்ற எண்ணியவர் மசிங்கர் இசட் தொடரின் தலைப்புப் பாட்டைப் பாடிய இச்சிரோ மிசுகி. 1999-ல் 24 மணி நேரத்தில் ஆயிரம் பாட்டு பாடிய மனிதர், 2022 டிசம்பரில் காலமானார். அவர் யோசனையில் 2000-ல் 'ஜாம் ப்ராஜெக்ட்' என்ற அனிமே பாடகர் குழு உருவானது. காகேயாமா அதன் தலைவர் ஆனார்.

அவர் வாழ்க்கையின் சிறந்த பகுதி என்று நான் சொல்வது டிராகன் பாலை அல்ல, இதைத்தான். குழுவில் அவரோடு பாடுகிறவர்கள்: காவோகைகார் தொடருக்குப் பாடிய மசாகி எண்டோ, ஒன் பீஸின் 'வீ ஆர்!' பாடிய ஹிரோஷி கிடாதானி, மாக்ரோஸ் 7-ல் நாயகன் பாசாராவுக்குப் பாட்டுக்குரல் கொடுத்த யோஷிகி ஃபுகுயாமா, உடேனா தொடருக்குப் பாடிய பாடகி மசாமி ஒகுய். ஒவ்வொருவரும் தனியாக மேடையை நிரப்பக்கூடியவர்கள். காகேயாமாவோடு இப்படி ஐந்து முதன்மைக் குரலைச் சேர்த்தால் சாதாரணமாகச் சந்தை இரைச்சல்தான் மிஞ்சும். இவர்கள் வரிகளைப் பிரித்துக்கொள்கிறார்கள், ஒரு வரிக்கு ஒரு குரல். எல்லோரும் சேருவது சாபியில். ஆண்கள் நால்வருமே உச்சத்தில் பாடக்கூடியவர்கள் என்பதால் ஒகுயின் குரல் தனித்து மேலே மிதக்காமல் அவர்களோடு ஒட்டிக்கொள்கிறது. 2003-ல் வந்த 'ஸ்கில்'லை நேரடி மேடைப் பதிவாகக் கேளுங்கள். கூட்டம் திருப்பிக் கத்துவதற்கென்றே இடம் விட்டுக் கட்டிய பாட்டு அது, பாடுகிறவர்கள் மூச்சு வாங்குவதும் அந்த இடத்தில்தான்.

ஜாம் ப்ராஜெக்ட்டின் பாட்டுகளை வெளியிட்ட லான்டிஸ் நிறுவனத்தை 1999-ல் தொடங்கியவர் ஷுன்ஜி இனோவே. லேஸியின் பழைய கீபோர்டிஸ்ட். 1981-ல் உடைந்த குழுவின் நட்பு ஏறக்குறைய இருபது வருடம் கழித்து அனிமே பாட்டுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்ததை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருக்கிறது.

காகேயாமாவைப் புதிதாகக் கேட்க நினைப்பவர்கள் 1989 பாட்டோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். சேஞ்ச்மேனில் தொடங்குங்கள், குரலில் இன்னும் ராக் பையன் இருப்பான். அடுத்து தொண்ணூறுகளின் இறுதியில் கெட்டர் ரோபோவுக்குப் பாடிய 'ஹீட்ஸ்'. அப்புறம் 2015-ல் ஒன் பஞ்ச் மேனுக்கு ஜாம் ப்ராஜெக்ட் பாடிய 'தி ஹீரோ'. டிராகன் பால் ஓப்பனிங் வந்தபோது அவருக்கு 28 வயது, இதில் 54. முதலில் டிவி வடிவம், பிறகு முழு வடிவம் என்ற வரிசையில், ஹெட்ஃபோன் போட்டு, அவர் எந்த வரியை மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்து எந்த வரியைத் தனக்கென்று வைத்துக்கொண்டார் என்று பாருங்கள்.